சோகை மேட்டுக்கு மஞ்சள் தண்ணீர்

கொளஞ்சியம்மாளுக்கு உட்காரத் தெரியாது. அவள் உட்கார்ந்து பார்த்தவர் எவரும் இன்று வடக்கனந்தலில் உயிரோடு இல்லை. சாப்பிடுவது நின்றபடி, டிவி பார்ப்பது நடந்தபடி. முப்பது வருடம் அங்கன்வாடிப் பிள்ளைகளைத் துரத்திய கால்கள். அரசாங்கம் அவளுக்கு ஓய்வு கொடுத்தது. கால்களுக்கு உத்தரவு அனுப்ப மறந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவள் ஒரு குப்பை மேட்டைத் தொடாமல் இருக்க வேண்டி வந்தது.

தை மாதம் கரும்பு வெட்டி ஆலைக்குப் போனது. கொல்லையில் மிஞ்சியது சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை. யானையே மிதித்தாலும் காலில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் போகும், அப்படி ஒரு கூர். வருடா வருடம் அவள் புருஷன் பச்சமுத்து ஒரே தீக்குச்சியில் அதன் கதையை முடிப்பார். போன வருடம் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய காற்று அந்தத் தீயை வரப்போரத்து மாமரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் நட்ட மரம். ஒரு பாதி கரிக்கட்டை. மறு பாதி இந்த வருடம் வீம்புக்குப் பூத்து நின்றது. இன்னொரு தீயை அது தாங்காது.

"கொளுத்தாதீங்க. நான் மக்க வச்சிக் காட்டுறேன்."

"பங்குனி பத்துக்கு டிராக்டர் வருது, மரவள்ளி நடணும். அன்னிக்கும் சோகை சோகையாவே கெடந்துச்சி, கொளுத்திடுவேன். அப்புறம் மூக்கச் சிந்திக்கினு நிக்காத."

நாற்பத்தைந்து நாள் இருந்தது. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கும் அண்ணன் மகள் தேவதர்ஷினி, பூஞ்சைப் பொடி ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"அத்தே, சோகையில பாதிக்கு மேல சக்கரைதான். மணி மணியா கோத்து இறுக்கி வச்சிருக்கு, செல்லுலோஸ்னு பேரு. பூஞ்சைக்கு வாயும் இல்ல, பல்லும் இல்ல. நொதியை வெளியவே விடும். ஒரு நொதி சரத்தை நடுவுல வெட்டும். இன்னொண்ணு முனையிலேருந்து ரெண்டு ரெண்டு மணியா உருவும். மூணாவது அந்த ஜோடியப் பிரிச்சி வுடும். அப்புறம் பூஞ்சை அதை உறிஞ்சிக்கும்."

"எச்சி துப்பி ஊற வச்சிக் குடிக்குதுன்னு சொல்லேன். உங்க மாமா வெத்தல போடற மாரி."

"ஈரமும் சூடும் இருந்தா போதும். நீ மட்டும் சும்மா சும்மா கை வைக்காத அத்தே."

சாணிக் கரைசலில் பொடியைக் கலந்து, அடுக்கடுக்காகத் தெளித்து, நடுக் கொல்லையில் மேடு எழுப்பினார்கள். கல்வராயன் மலை எட்டிப் பார்த்து, "யாரது, நம்ம பங்காளியா?" என்று கேட்கும் உயரம்.

அவள் கை வைக்கவில்லை. ஆனால் சும்மா இருந்தால் அவள் கொளஞ்சியம்மாள் இல்லையே! கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் வந்து குடியேறியிருக்கிறது, மரியாதை செய்ய வேண்டாமா? முதல் வெள்ளிக்கிழமை ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் வேப்பிலை செருகினாள். மறு வெள்ளி ஒரு குடம். பிறகு வெள்ளிக்கிழமை வரும்வரை பொறுக்க முடியாமல் தினம் ஒரு குடம். இருபத்தைந்தாம் நாள் அந்த மேட்டின் மஞ்சள் திருக்கோவிலூர் வரைக்கும் பளபளத்தது.

"இன்னாடி, சோகைக்கு மஞ்ச நீராட்டா? பத்திரிக்க அடிச்சிட்டியா?" என்று வந்த பச்சமுத்து, மேட்டுக்குள் கையை விட்டு ஒரு இலையை உருவினார். விறைப்பாக வந்தது. விரலையும் கிழித்துக்கொண்டு வந்தது.

"பாத்தியா ரத்தத்த! இதுவா மக்குது?"

வீட்டுக்கு ஓடி மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு வந்து விரலில் வைத்தவள், பாதியில் நின்றாள்.

"ஏங்க, புண்ணுல மஞ்சள் எதுக்கு வைக்கிறோம்?"

"இது இன்னா கேள்வி? புண்ணு அழுவிப் போவாம இருக்கத்தான்."

அவள் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அழுக வேண்டியதற்கு இருபத்தைந்து நாளாக மருந்து போட்டிருக்கிறாள்!

போனில் தேவதர்ஷினி சிரித்த சிரிப்பில் டவர் ஆடியது. "வேப்பிலை வேறயா? பூஞ்சைய விருந்துக்குக் கூப்பிட்டு வாசல்லியே வெரட்டியிருக்க அத்தே!"

இருபது நாள்தான் பாக்கி. வேப்பிலையைப் பிடுங்கி எறிந்து, மேட்டைப் புரட்டி, புதுப் பொடி, புதுச் சாணி போட்டு, தார்ப்பாயால் மூடினாள். அதன் பிறகுதான் அவஸ்தை. கை அரித்தது, கால் பறந்தது. மேட்டுப் பக்கம் போகாமலிருக்க கோமுகி அணைக்கு நடந்தாள். திரும்பி வந்து மறுபடியும் நடந்தாள். இருபது நாளில் அந்தச் சாலை ஒரு சாண் தேய்ந்துபோனது.

பங்குனி பத்து. வரப்பில் டிராக்டர் உறுமியது. பச்சமுத்து தீப்பெட்டியோடு வந்தார். கொளஞ்சியம்மாள் மாமரத்தைப் பார்த்துக்கொண்டே தார்ப்பாயை இழுத்தாள்.

ஆவி எழுந்தது. மேடு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. எங்கும் வெள்ளை வெள்ளையாக நூல். பச்சமுத்து பயந்து பயந்து கையை விட்டார். கிழிக்கவில்லை. கதகதப்பாக, கறுப்பாக ஒரு பிடி வந்தது, விரலிடுக்கில் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். மழை விழுந்த மண் வாசனை. ஓரத்துச் சோகை மட்டும் இன்னும் விறைப்பாகவே இருந்தது.

"பாதிதான் ஆயிருக்கு," என்றார்.

அவர் கண் பாதி மரத்துக்குப் போயிற்று. கரிந்த பக்கத்தை ஒட்டி ஒரு கொத்துப் பிஞ்சு.

"யப்பா டிராக்டரு! அந்த மேட்ட வுட்டுட்டு வளைச்சி ஓட்டு!" தீப்பெட்டி சட்டைப் பைக்குள் போனது.

மறுநாள் விடிந்தபோது வீட்டில் அவரைக் காணோம். கொளஞ்சியம்மாள் கொல்லைக்கு ஓடினாள். தார்ப்பாய் விலகியிருந்தது. கையை முழங்கை வரை மேட்டுக்குள் விட்டுக்கொண்டு பச்சமுத்து குத்துக்காலிட்டிருந்தார்.

"கைய எடுங்க!"

"ஒரே ஒரு தபா, கொளஞ்சி. சூடு இருக்கான்னு பாத்தேன்!"