படிக்கட்டாரும் ஜம்பர் ஒயரும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் படிக்கட்டார். கதவுப் பூட்டின் சுவிட்ச் ஒரு நூல் விலகியிருந்தால் போதும், லிஃப்டை நிறுத்திவிடுவார். "பழுது. பயன்படுத்தாதீர்" என்ற சிவப்புப் பலகையை மாட்டிவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படிக்கட்டைக் கைகாட்டுவார். ஒரு கட்டடத்தின் சொந்தக்காரரே மேல்மாடி வரை மூச்சிரைக்க ஏறிய கதை உண்டு. அந்தத் தொழிலில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. கெட்டுப்போன சுவிட்சைத் தாண்டி ஒரு துண்டு ஒயரை இழுத்து முறுக்கிவிட்டால், எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டு லிஃப்ட் ஓடும். ஜம்பர் ஒயர் என்பார்கள். படிக்கட்டார் தன் ஆயுளில் ஒரு ஜம்பர் போட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அப்படி நாலு பேர் இல்லாவிட்டால் நாம் எந்தத் தைரியத்தில் லிஃப்டில் ஏறுவது?

அப்படிப்பட்டவருடைய காரில்தான் அந்த விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், அவருக்கு முன்னால் ஒரு உருண்டைப் பந்து, அவ்வளவுதான் படம். விபத்து நேர்ந்தால் விரிய வேண்டிய ஏர்பேக்கில் ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தம். கம்பெனி கொடுத்த உத்தரவாதம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தனை வருடம் சமர்த்தாக இருந்துவிட்டு, விளக்கு நாள் பார்த்துத்தான் எரிந்தது என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

வேறு சமயமாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார். ஆனால் மகள் அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பிசியோதெரபி படித்தவள். சற்றுத் தொலைவான ஓர் ஊரில், வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. சொந்தக் கார் இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். தனக்குத்தான் கம்பெனி வேன் இருக்கிறதே என்று அவர் தன் காரையே தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது சாவியைத் தர மாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றார்.

"வண்டி ஓடுதேப்பா," என்றாள் மகள்.

"லிஃப்டும்தான் ஓடும்," என்றார்.

சர்வீஸ் சென்டருக்கு முதல்முறை போனபோது, காரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறை அழித்துவிட்டோம் என்றார்கள். பார்த்ததற்கு ஒரு கட்டணம், அழித்ததற்கு ஒரு கட்டணம். விளக்கு அணைந்திருந்தது. வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் மறுபடியும் பளிச்சென்று எரிந்தது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனால், பில் முடிந்துவிட்டது, புதிதாகத்தான் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அழித்த கோளாறு எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டதற்கு, அது வேறு கோளாறாகக்கூட இருக்கலாம் என்று ஒருத்தர் சிரிக்காமல் சொன்னார்.

இரண்டாம் முறை அரை நாள் உட்கார வைத்தார்கள். காத்திருப்போர் அறையின் டிவியில் அவருடைய கார் மாடலிலேயே ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எங்கோ போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இஸ்திரி கலையாத சட்டையில் சர்வீஸ் ஆலோசகர் வந்து கையை விரித்தார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் ஏர்பேக் பை கெட்டுவிட்டது, அதோடு அதை இயக்கும் கன்ட்ரோல் பெட்டியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் படிக்கட்டார் காது சரியில்லையோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். காது நன்றாகத்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் போட்டால் ஒரு பழைய காரே வாங்கிவிடலாமே என்று பொருமினார். நல்ல யோசனை சார் என்று ஆலோசகர் பழைய கார் விற்கிற பிரிவு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"ஒயர், கனெக்டர் எதுலயாவது கோளாறு இருக்கும். அதை மட்டும் பார்த்து ரிப்பேர் பண்ண முடியாதா?"

"இது சேஃப்டி ஐட்டம் சார். ரிப்பேரே கிடையாது. மாத்தறதுதான்."

இதே வாக்கியத்தை, இதே குரலில், அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு வயிற்றெரிச்சலான வாக்கியம் என்று புரிந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. முக்கியமான அழைப்பை இவ்வளவு நேரமா காக்க வைப்பார்கள் என்று அவர் அந்தப் பாட்டிடம் கேட்டார். அந்த வாரம் முழுக்க சாப்பாட்டு மேசையில் உடம்பு மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. மனசு கார் கம்பெனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மனைவியும் மகளும் பேசியதற்கெல்லாம் 'ம்' கொட்டினார்.

சனிக்கிழமை, வேறு வழியில்லாமல், சந்துக்குள் இருக்கும் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனார். எலெக்ட்ரீஷியன் தன் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, சர்வீஸ் சென்டர் சொன்னதில் பாதி உண்மை என்றார். கன்ட்ரோல் பெட்டி நன்றாக இருக்கிறது, அந்தப் பைதான் செத்துவிட்டது. ஆனால் பை மட்டும் புதிதாகத் தனியே விற்க மாட்டார்கள், பழையதை நம்பிப் போட முடியாது.

"அது மட்டும் இல்ல சார். ஒண்ணு கெட்டா கம்ப்யூட்டர் மொத்தத்தையும் நிறுத்திடும். விளக்கு எரியுற வரைக்கும் டிரைவர் பையும் விரியாது."

படிக்கட்டாருக்குச் சுருக்கென்றது. அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்டார். எலெக்ட்ரீஷியன் ஒரு டப்பாவைத் திறந்து, அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். செத்த பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் சொருகினால், பை இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். விளக்கு அணையும். டிரைவர் பை வேலை செய்யும். பக்கத்து சீட்டுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

"ஜம்பர்," என்றார் படிக்கட்டார்.

"நாங்க அப்படிச் சொல்றதில்ல சார்."

வெளியே போய் சந்தின் முனை வரை நடந்துவிட்டு வந்தார். மகள் தனியாகத்தானே ஓட்டப்போகிறாள். அவளுக்கு முன்னால் இருக்கும் பை விரிந்தாக வேண்டும். பக்கத்து சீட்டில் அவள் கைப்பை கிடக்கும், அதற்கு எதற்குப் பாதுகாப்பு? கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், போடுங்க என்று சொல்லும்போது அவர் எலெக்ட்ரீஷியனின் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தபோது அதையும் பார்க்கவில்லை.

வீட்டில் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். மகள் துள்ளிக் குதித்தாள். இதற்கா ஒரு வாரமாக உங்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளின் பெட்டிகளை டிக்கியில் அடுக்கிவிட்டு, கையசைத்து வழியனுப்பத் தயாராக நின்றார். அப்போது மனைவி ஒரு பையும் கழுத்துத் தலையணையுமாக வந்து முன்சீட்டுக் கதவைத் திறந்தாள்.

"நீ எங்க?"

"எங்கேயா? ஒரு வாரம் கூட இருந்து வீட்டை ஒழுங்குபண்ணிட்டு வரேன்னு புதன்கிழமை உங்களை வச்சுக்கிட்டுத்தானே பேசினோம்? நீங்ககூட 'ம்'னீங்களே."

சட்டென்று நானும் வருகிறேன் என்றார். முன்சீட்டில் நான்தான் உட்காருவேன் என்றார். பின்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும் என்பது கல்யாணமான மாதத்திலிருந்து குடும்பத்துக்கே தெரியும். அவர் முட்டி வலி என்றார், கால் நீட்ட வேண்டும் என்றார், எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எட்டிப்பார்க்காத முட்டி வலி இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று முணுமுணுத்தபடி அவள் பின்னால் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

நெடுஞ்சாலையில் அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். லாரி எதிரே வந்தால் மிதித்தார், பஸ் ஒதுங்கினால் மிதித்தார். எதிரில் டேஷ்போர்டு மூடி பொய்ப்பல் மாதிரி ஒழுங்காக இருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை என்பது அந்தக் காரில் அவருக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் மனைவி முனக ஆரம்பித்தாள். ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக மகள் வண்டியை நிறுத்தினாள்.

மனைவி வெளிறிய முகத்தோடு இறங்கி வந்து முன்கதவைத் திறந்து, இறங்குங்க என்றாள். அவர் அசையவில்லை. மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நினைச்சுத்தானே பக்கத்துலயே உக்காந்துட்டு வரீங்க? வழி பூரா காலை மிதிக்கிறீங்க. என் மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லிடுங்கப்பா." அவள் குரல் உடைந்திருந்தது.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"உன் மேல நம்பிக்கை இருக்கும்மா. இந்த சீட்டு மேலதான் இல்ல."

ஒன்று விடாமல் சொன்னார். ரெசிஸ்டர், செத்த பை, உனக்கு விரியும், இங்கே விரியாது. ஜம்பர் என்ற சொல்லை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. மகளே சொன்னாள். அவர் மகள்தானே.

மனைவி கதவைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"அப்ப தெரிஞ்சுதான் இதுல உக்காந்தீங்களா?"

அவர் டேஷ்போர்டைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது. உங்களுக்கு ஆனா பரவாயில்ல. அப்படித்தானே?" அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. கணக்கு மறுபடியும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதை அவளிடம் சொல்ல முடியாது.

மகள் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள். ஓரத்தில் எப்போதும் கிடக்கும் அவருடைய பழைய கருவிப் பையைக் கிளறினாள். சிவப்புப் பலகையோடு வந்தாள்.

"இறங்குங்கப்பா. பின்னாடிதான் இடம் இருக்கே."

கட்டடச் சொந்தக்காரர்களிடம் அவர் பேசுகிற அதே குரல். இறங்கினார். அவள் பலகையின் கயிற்றை முன்சீட்டின் தலைச்சாய்ப்பில் மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஒவ்வொரு வளைவிலும் பலகை ஆடியது. எழுத்துகள் பின்சீட்டைப் பார்த்தபடி இருந்தன. மனைவி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அவர் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டார். இடையில் அவளுக்குத் திட்டவும் தெம்பு இருந்தது. இரண்டாம் முறை வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"எங்கயாவது படிக்கட்டு இருந்தா காட்டுங்க. நான் நடந்தே வந்துடறேன்."

காட்டுவதற்கு அவரிடம் படிக்கட்டு எதுவும் இல்லை. பையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய் நேராகப் பிடித்துக்கொண்டார்.