காரிலிருந்து இறக்கிய வெயிலும் சத்தமும்

காருக்குள் இருந்த வெயிலையும் சத்தத்தையும் கழற்றி எடுத்த இம்தியாஸ் பாய், இரண்டையும் தனித்தனிச் சாக்கில் கட்டி என்னிடமே கொடுத்துவிட்டார். நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம் அது. எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கையில் கொடுத்தால்தான், நிஜமாகவே மாற்றியிருக்கிறார் என்று வண்டிக்காரனுக்கு நம்பிக்கை வரும். போன வருஷம் ஃபேன் பெல்ட்டை இப்படித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது. பாய் கதவுகளின் உள்பலகையைக் கழற்றி, தகரத்தின்மேல் கறுப்பு ஷீட் ஒட்டி, கூரைக்கு அடியில் ஃபோம் வைத்து, மிதியடிக்குக் கீழே கனத்த ரப்பர் விரித்திருந்தார். வெயில் சாக்கில் கனமே இல்லை, ஆனால் கையில் பிடிக்க முடியவில்லை. சத்தச் சாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பழைய வண்டி, சேர்ந்திருக்காதா பின்னே.

"கூரையில இருந்த வெயில் கொஞ்சம் தூக்கல் சார். சாக்க தரையில வெக்காதீங்க, டைல்ஸ் வெடிச்சுடும்" என்றார் பாய்.

இந்த வேலையைச் செய்ததே என் மனைவி வசுமதிக்காகத்தான். சனிக்கிழமைதோறும் நாங்கள் ஆரணியில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போவோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வருவாள். வண்டிச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. மூச்சு வாங்க அவள் நிறுத்தும் இடம் பார்த்து ‘ம்’ என்பேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. கண்ணமங்கலம் வருவதற்குள் அவள் புடவைத் தலைப்பு வியர்வையில் நனைந்துவிடும். பாவம், இனிமேலாவது நிம்மதியாகப் பேசட்டும், நானும் காது கொடுத்துக் கேட்கிறேன் என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை கார் குளுகுளுவென்று இருந்தது. லாரிகள் பக்கத்தில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வசுமதி ஆரணி வரை வாயைத் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். வீட்டில் எப்போதும்போல் பேசினாள், கார்க் கதவைச் சாத்தினால் வாய்க்குப் பூட்டு. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து என் இடது காதுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, அது இல்லாமல் கியர் போடக்கூடக் கை வரவில்லை. என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லீங்க. சத்தம் இருந்துச்சு, என்ன வேணா பேசிட்டு வந்தேன். இப்ப பேசினா உங்களுக்குக் கேட்டுடுமே" என்றாள்.

நியாயமான பேச்சு.

இப்படியே மழைக்காலம் வந்தது. முக்காலியில் வைத்திருந்த வெயில் சாக்குக்கு நல்ல மவுசு. வசுமதி அதன் வாயை லேசாகத் திறந்துவைத்து வடகம் காயவைத்தாள். எதிர்வீட்டு ரெபேக்கா டீச்சர், துணி காயவில்லை என்று டிபன் பாக்ஸ் கொண்டுவந்து கொஞ்சம் வெயில் வாங்கிப் போனார். சித்திரையில் கட்டாயம் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். சத்தச் சாக்கைத்தான் யாரும் சீண்டவில்லை. மாடிப்படிக்கு அடியில் கிடந்து அவ்வப்போது ஹாரன் அடிக்கும். பால்காரர் சைக்கிளை ஓரம்கட்டி, வழிவிட்டு, பிறகு பால் ஊற்றுவார்.

அதில் ஒரு கைப்பிடியை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டால் வசுமதி மறுபடி பேசுவாள் என்று தோன்றியது. பாயிடம் கேட்டேன். ஒட்டிய ஷீட் பெயர்ந்துவிடும் என்று அவர் சம்மதிக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் உறைத்தது. எனக்குக் கேட்கவிடாமல் செய்தது அந்தச் சத்தம். அப்படியானால் அவள் பேசியதெல்லாம் அந்தச் சாக்கில்தானே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வசுமதி கடைக்குப் போன நேரம் பார்த்துச் சாக்கைப் பிரித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முறத்தில் அள்ளிப் புடைத்தேன். ஹாரன்கள் லேசு, முதல் வீச்சிலேயே பறந்தன. டீசல் உறுமல் கட்டிகட்டியாக இருந்ததால் கையால் பொறுக்கிப் போட்டேன். ஒரு கல்யாண ஊர்வலத்தின் பேண்டு செட் உடையாமல் முழுசாகக் கிடைத்தது. யாருக்காவது ஆகும் என்று தனியே எடுத்துவைத்தேன். கடைசியில் முறத்தில் தங்கியது வசுமதியின் குரல்.

புளி தீர்ந்துபோனது இருந்தது. என் சட்டைக் காலர் நைந்தது இருந்தது. அவள் அக்கா மேல் அவளுக்கிருந்த வருத்தம் ஒரு கைப்பிடி இருந்தது. மற்றதெல்லாம் ஒரே வாக்கியம், திரும்பத் திரும்ப: "எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக் குடுங்களேன்." பழையவை ஆசையாகக் கேட்டவை. புதியவற்றில் பதிலை எதிர்பார்க்காத குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வசுமதி பையோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள்.

"சரியாவே புடைக்கல. இன்னும் ஒரு லாரி கெடக்கு பாருங்க" என்று அதை எடுத்து வெளியே போட்டாள்.

நான் எழுந்து போய்க் கார் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கிளச் எட்டவில்லை. அவள் என்னைவிடக் குள்ளம். சீட்டை முன்னால் தள்ளப் பார்த்தோம். இம்மிகூட நகரவில்லை. இத்தனை வருஷத்தில் அதை நகர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல், அப்போதே வண்டியை பாயிடம் விட்டுவந்தேன்.

சாயங்காலம் இருவரும் போனோம். சீட் விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு சின்ன பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

"பழைய சாமான் சார். சீட்டுக்கு அடியில தண்டவாளம் பூரா இதுதான் இறுகிக் கெடந்துச்சு."

பிரித்துப் பார்த்தேன். எல்லாம் என்னுடைய ‘ம்’.

கற்றுக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. என் தப்புகளையெல்லாம் வசுமதி பக்கத்தில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்திருந்தாள். லைசென்ஸ் வந்ததும் முதல் சனிக்கிழமை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். திருஷ்டிக்கு எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோக்கும்போது, இடையிடையே அந்த ‘ம்’களையும் சேர்த்துக் கோத்து, வண்டியின் முன்னால் கட்டினாள்.

கண்ணமங்கலம் தாண்டியும் எதிரே வந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன. ஓட்டுநர்கள் என்னவோ சம்மதம் கிடைத்துவிட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே எங்களுக்கு வெளிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. வசுமதி பேசிக்கொண்டே ஓட்டினாள்.