கவிழ்த்த தோணிக்குள் வெள்ளை

மகாதேவியின் வீட்டில் சுவர் எங்கே முடிகிறது, முகடு எங்கே தொடங்குகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. முன்பு இருந்த வீடு போன மாரிப் புயலில் விழுந்துவிட்டது. செத்துப்போன புருசனின் பழைய தோணி தொண்டைமானாற்றுக் கரையில் சும்மா கிடந்தது. அதைக் கவிழ்த்து, கீழே கல் அடுக்கி, உள்ளே குடியேறிவிட்டாள். நிலத்திலிருந்து எழும்பும் பலகை வளைந்து தலைக்கு மேலால் போய் மறுபக்கம் இறங்கும். முருகன் படத்தை மாட்டினால் அது சுவரை விட்டு விலகித் தொங்கும்.

"குனிஞ்சு வடிவாப் பாக்கட்டும்" என்பாள்.

அந்தத் தோணிக்குள்தான் நாளைக்கு மகள் பாலேஸ்வரிக்குக் கலியாணம். ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடியார் வெளுத்த துணி கொண்டுவந்து மணவறைக்கு மேலே விதானமாக வெள்ளை கட்ட வேண்டும். வெள்ளை கட்டாத வீட்டில் மாப்பிள்ளை பகுதியார் கால் வைக்க மாட்டார்கள். ஆனால் காலையில் வந்து நின்றவர் கட்டாடியார் அல்ல, ஊர் அதிகாரம் பார்க்கும் விதானையார் இராசநாயகம்.

"உன்ரை கிணத்திலை கண்டவையும் தண்ணி அள்ளுகினம். உதை நிப்பாட்டு. கட்டாடியை நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். நிப்பாட்டினா இப்பவே வெள்ளை வரும்."

கண்டவை என்று அவர் சொன்னது சின்னத்தங்கத்தையும் அவள் ஆட்களையும். குறைந்த சாதியென்று வேறு எந்தக் கிணற்றிலும் அவர்களை அள்ள விடமாட்டார்கள். புயலன்று மகாதேவியையும் மகளையும் இடிந்த சுவருக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தவள் சின்னத்தங்கம். அந்தக் கை கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாதாம்! மகாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலாது, விதானையார்."

"அப்ப கலியாணம் நடக்காது."

"நடக்கும். பாத்துக்கொண்டிருங்கோ."

சொல்லிவிட்டாள். உள்ளே போனாள். பெற்ற பிள்ளையின் வாழ்வில் மண் அள்ளிப் போடுகிறேனோ என்று பயந்தாள். பிறகு, இதுவே வெள்ளையாக இருக்கட்டும் என்று, பலகையோரம் சுருட்டிக் கிடந்த தோணியின் காற்றுப்பாயை இழுத்து விரித்தாள்.

முதலில் பிழை விட்டாள். கல்வீட்டில் கட்டுவதுபோல நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு மூலை ஏது? பாய் தொய்ந்து மணவறையை மூடிக்கொண்டது.

"அம்மா, உது காத்துக்கு வயிறு வைச்சுத் தைச்ச பாயெல்லே. இழுக்காதையுங்கோ" என்றாள் பாலேஸ்வரி.

ஒருபக்க நிலத்தில் தொடங்கி, பலகையோடு ஒட்டி ஏற்றி, மறுபக்கம் இறக்கினார்கள். தோணியின் வயிற்றுக்குள் பாயின் வயிறு சுருக்கமில்லாமல் படிந்தது. ஒட்டுப்போட்ட இடங்களை மாவிலையால் மறைத்தார்கள்.

மறுநாள் விதானையார் வேடிக்கை பார்க்க வந்தார். மாப்பிள்ளையின் தகப்பன், மயிலிட்டித் தண்டையல் முத்துக்குமாரு, பாதி வாழ்நாள் கப்பலை நடத்தியவர், வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"கட்டாடி கட்டாதது வெள்ளையே?" என்றார் விதானையார்.

"உப்புத்தண்ணியும் வெயிலும் வெளுத்த வெள்ளை. அதுகளை நீங்கள் மறிக்கேலாது" என்றாள் மகாதேவி.

தண்டையல் கை நீட்டிப் பாயைத் தடவிப் பார்த்தார். பேச்சைப் பாயோடு விட்டிருக்கலாம். ஆனால் கிணற்றுக் கதையை ஒளித்துத் தாலி ஏற்ற மகாதேவிக்கு மனம் வரவில்லை.

"சின்னத்தங்கம்," என்று வேலியோரம் நின்றவளை எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டாள். "தண்டையலாருக்குத் தண்ணி அள்ளிக் குடு."

சின்னத்தங்கம் மகாதேவியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு போய் அள்ளினாள். இரண்டு கையாலும் செம்பை நீட்டினாள்.

"நடுக்கடலிலை தண்ணி முடிஞ்சு கிடந்திருக்கிறியளோ, விதானையார்?" என்று கேட்டார் தண்டையல். அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"மாப்பிள்ளைக்கும் அள்ளு பிள்ளை" என்று செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குனிந்து தோணிக்குள் போனார்.