துரைராஜாவின் சீனச் சாடி

மார்க்கண்டர் மலாயாவில் றெயில்வே கிளாக்காக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். தன்னை ஒருவரும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதிலேயே கண்ணும் கருத்துமாக வாழ்பவர். மோர்க்காரி ஊற்றும் மோரைக்கூட நாக்கில் விட்டுப் பார்க்காமல் உள்ளே எடுக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் அச்சுவேலி றோஸ் தன் சீனத்து வெண்கலச் சாடியை விலைக்குக் கொண்டுவந்தாள்.

றோஸ், மலாயாவில் தைப்பிங் ஊரில் அவரோடு வேலை பார்த்தவரும் போன வருடம் காலமானவருமான துரைராஜாவின் மனைவி. சாடி முழ உயரம். கறுத்த உடம்பு, அதில் மேகம் மேகமாகப் பொன் திட்டுகள்.

"மகளை மிஷன் பள்ளிக்கூட போடிங்கிலை தங்கிப் படிக்க விடவேணும், அண்ணை. இதை வித்தால்தான் சரிவரும். கொழும்பாலை ஒரு வெள்ளைக்காரத் துரையும் வந்து பாத்தவர். ஆனால் இவர் சாகேக்கை, முதல் உங்களிட்டைக் கேக்கச் சொன்னவர்."

மார்க்கண்டருக்குச் சந்தேகம் தட்டியது. நல்ல சாமானை யாராவது சிநேகிதனுக்கு முதலில் கொடுப்பார்களா? துரை என்று ஒருவன் உண்மையில் இருக்கிறானா?

"வைச்சிட்டுப் போ பிள்ளை. வடிவாய்ப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்."

றோஸ் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கறுப்புத்தான் அவரை உறுத்தியது. குடும்பம் நடத்துகிற வீட்டில் கறுத்த பாத்திரம் இருக்குமா? புளி போட்டு மினுக்காத பெண்ணை ஊர் என்னவெல்லாம் கதைக்கும்! ஏதோ ஓட்டையை மறைக்க மை பூசியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், கிணற்றடியில் குந்தி, பழப்புளியும் சாம்பலும் வைத்து ஒரு பக்கம் தேய்த்தார். மஞ்சள் பளிச்சிட்டது.

"அட, பித்தளை!" என்று சிரித்தார். பிறகு கை நிற்கவில்லை. செங்கட்டித் தூளும் போட்டு முழுவதையும் தேய்த்துக் கழுவினார். மேகங்கள் மஞ்சளோடு மஞ்சளாகக் கலந்து காணாமல் போயின. ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் பஸ் ஏறி அச்சுவேலிக்குப் போய்ச் சாடியை றோஸின் முன்னால் வைத்தார். "வெறும் பித்தளை, பிள்ளை."

றோஸ் சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இது என்ரை சாடி இல்லை."

"அதேதான் இது. நான் புளி போட்டு மினுக்கினனான்."

"அந்தக் கறுப்பும் பொன்னும்தான் அதின்ரை பெறுமதி எண்டு அந்தக் கொழும்புத் துரை சொன்னவர். அதை ஆரும் புளி போட்டுத் தேய்ப்பினமோ?"

மார்க்கண்டர் சாடியின் அடியிலிருந்த சீன எழுத்தைக் காட்டினார். "சீனச் சாடி எல்லாத்திலையும் சீன எழுத்துத்தானே இருக்கும்" என்றாள். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றார். "நான் வேதக்காரி, அண்ணை. உங்கடை கற்பூரத்தை நான் என்ன செய்ய?"

அவள் அழத் தொடங்கினாள். "வேறை ஆரெண்டாலும் துண்டு எழுதி வாங்கியிருப்பன். உங்களிட்டை எண்டுதான் வாங்கேல்லை. உதைக் கொண்டுபோங்கோ. என்ரையைக் கொண்டு வாங்கோ."

கதவு சாத்தப்பட்டது. சாடியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவரைச் சந்தையடியில் தெரிந்தவரான முருகேசு மறித்தார். "என்ன மினுக்கம்! புதுச் சாடியோ அண்ணை?"

நடந்ததை வேறொருவன் வந்து சொல்லியிருந்தால், மார்க்கண்டரே ஒரு சொல்லும் நம்பியிருக்கமாட்டார்.

"ஓம், புதுசுதான்" என்றார்.