கட்டின சுருக்குப்பை

சலவைக்கடை அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அடுத்தவர் பாக்கெட் விஷயத்தில் மட்டும் அவளைப் போல வாயில்லாத ஜீவன் கிடையாது. துணி தொட்டியில் விழுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்துத் திருப்பிவிடுவாள். துவைத்து, காய்ந்து, இஸ்திரி மேஜைக்கு வருகிற வரைக்கும் அது நாக்கை நீட்டிக்கொண்டுதான் கிடக்கும். உள்ளே அகப்படுகிற சாமான் எதுவானாலும், பழைய படுக்கை விரிப்பில் அவளே தைத்த ஒரு சுருக்குப்பைக்குள் போய்விடும். கயிற்றை இறுக்கிக் கட்டி, சலவை முடிந்ததும் அதே துணியின் உள்பக்கம் ஊக்கால் குத்தி அனுப்புவாள். கட்டின சுருக்குப்பையை அதற்கப்புறம் கடையில் யாரும் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவளும் அவள்தான், காவல் காக்கிறவளும் அவள்தான்.

"மனுஷங்க பாக்கெட்ல என்னென்னவோ இருக்கும். பொய்ப்பல் இருக்கும், யாருக்கோ எழுதிக் கிழிச்ச கடுதாசி இருக்கும். நமக்கெதுக்கு? அழுக்கு மட்டும்தான் நம்மளோடது" என்பாள்.

இந்த ஒரு குணத்துக்காகவே தெருவில் இருக்கிற மற்ற சலவைக்கடைகளைத் தாண்டி அவளிடம் வந்தார்கள். துணியை வாங்கி வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் தம்பியின் வேலை. அம்மா போன பிறகு அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். ரொம்ப நாள் வெட்டியாகத் திரிந்தவன், கொஞ்ச காலமாக வண்டியும் கையுமாகச் சுறுசுறுப்பாகிவிட்டான். புதுசாக ஒரு செல்போன் வாங்கினான், அக்காவுக்கு நல்ல செருப்பு வாங்கித் தந்தான். "பொறுப்பு வந்துடுச்சு" என்று அவள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெற்றவள் மாதிரி பூரித்துப் போயிருந்தாள், பாவம்.

புதிதாக வந்த வாடிக்கைகளில் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர். அக்கா அவரைப் பார்த்ததில்லை, கோட்டைத்தான் பார்த்திருக்கிறாள். வாராவாரம் வரும். காலரில் அழுக்கு இருக்காது, கக்கத்தில் வேர்வை வாடை இருக்காது. "இந்த மனுஷன் கோட்டைப் போட்டுக்கிட்டு மூச்சுகூட விடமாட்டார் போலிருக்கு" என்று அவள் கிண்டல் செய்வாள். தம்பி சிரிப்பான். கோட்டுக்காரரின் சுருக்குப்பையை மட்டும் அவனே கட்டி, அவனே குத்தி எடுத்துக்கொண்டு போவான். தனக்கு வேலை மிச்சம் என்று அக்கா நினைத்தாள்.

அன்றைக்குக் காலையில் அக்கா ஒரு கறுப்புக் கால்சட்டையைக் கண்ணும் கருத்துமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது நெட்டையனுடையது. பக்கத்துச் சந்தில் இருக்கிற கேன்டீன் அம்மாவின் மகன். ஆள் வாட்டசாட்டமாக இருந்தவன்தான், போதைப்பொடியில் விழுந்து உருக்குலைந்து போனான். வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்து, கடைசியில் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஊருக்கெல்லாம் பொங்கிப் போடுகிறவள் வீட்டில் அடுப்பு இல்லை. அக்காவின் கொடியிலிருந்தும் ஒரு நாள் ஒரு பட்டுச்சட்டையை உருவினான். அன்றிலிருந்து அவனைக் கடை வாசலில் ஏற்றியதில்லை.

இப்போது சிகிச்சை முடிந்து வந்திருக்கிறான். கேன்டீன் அம்மா யார் யார் காலிலோ விழுந்து ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற வேலை வாங்கியிருக்கிறாள். மத்தியானம் போய்ச் சேர வேண்டும். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், தாமதமாகப் போனால் அதைவிடவும் மோசம். முதல் நாள் சாயங்காலமே அந்த அம்மா கால்சட்டையைக் கொண்டுவந்து, "ஒரே ஒரு தடவை, எனக்காக" என்று நின்றாள். அக்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

பாக்கெட்டில் இருந்தது அந்தக் கால்சட்டையிலிருந்தே அறுந்த பொத்தான் ஒன்று. அதற்குப் பதிலாக அங்கே வேறொரு பொத்தான் எப்போதோ தைத்தாகிவிட்டது. இருந்தாலும் அவனுடையது அவனுக்குத்தானே. சுருக்குப்பையில் போட்டுக் கட்டி மேஜை ஓரத்தில் வைத்தாள். நம்ம நெட்டைதானே என்று பேர் எழுதின சீட்டுக்கூடக் கட்டவில்லை. தம்பி கோட்டுக்காரரின் சுருக்குப்பையைக் கட்டி மேஜையில் வைத்து, கோட்டை மடித்து ஓரத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். கேன்டீன் அம்மா அரக்கப் பரக்க ஓடிவந்தாள். அக்கா மேஜையிலிருந்த சுருக்குப்பையை எடுத்துக் குத்தி, கால்சட்டையைக் கையில் கொடுத்தாள்.

"அவன்கிட்டக் குடுத்துட்டு நான் வேலைக்கு ஓடணும்" என்று அந்த அம்மா போய்விட்டாள்.

தம்பி வந்தான். மேஜையைப் பார்த்தான். கோட்டைத் தூக்கிப் பார்த்தான். அதனடியில் ஒரு சுருக்குப்பை இருந்தது. கையில் எடுத்தவன் முகம் மாறியது. கயிற்றை அவிழ்த்தான்.

"டேய், கட்டினதை எதுக்குடா அவுக்கிற?"

உள்ளேயிருந்து பொத்தான் உருண்டு மேஜையில் விழுந்தது. தம்பி பேய் அறைந்தவன் மாதிரி நின்றான்.

"அக்கா, இன்னொரு பை இருந்துதே. எங்க?"

"நெட்டையன் துணியோட அனுப்பிட்டேன். ஏன், அதுல என்ன?"

அவன் திருட்டு முழி முழித்தான். மென்று விழுங்கினான். "சாவி" என்றான், அப்புறம் "மாத்திரை" என்றான்.

"எனக்குக் காது குத்தாத. என்ன அது?"

"பொடிதான்க்கா."

என்ன பொடி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. புது செல்போன், நல்ல செருப்பு, அழுக்கே ஆகாத கோட்டு, எல்லாம் சேர்ந்து அவளுக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது.

"நான் தொடுறதுகூட இல்லக்கா, சத்தியமா. கொண்டுபோய்க் குடுக்கிறதோட சரி. உன் சுருக்குப்பைன்னா யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க, போலீஸ்கூட..."

"வண்டியை எடு" என்றாள் அக்கா.

பொத்தானை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இஸ்திரிப் பெட்டியை அணைக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. பின்னால் உட்கார்ந்து போகும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியே பழகின வாய் மூடிக்கொண்டதும் தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவளுக்கோ வேறு நினைப்பே இல்லை. நெட்டையன் அதைப் பிரித்திருப்பான், மறுபடியும் விழுந்திருப்பான். ஒரு தாய் மாதக்கணக்கில் அலைந்து சேர்த்ததை என் கையாலேயே ஊக்குக் குத்திக் கெடுத்துவிட்டேனே என்று அடித்துக்கொண்டது மனசு.

வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஒரே அறை. வெள்ளைச் சட்டையும் இடுப்பில் துண்டுமாக நெட்டையன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டிருந்தான். கால்சட்டை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அறை நடுவில் ஒரு வாணலி கவிழ்ந்திருந்தது, அதன் மேல் தண்ணீர் தளும்பத் தளும்ப ஒரு வாளி. வீட்டுக்குள் தேள் வந்தால் கவிழ்த்து வைப்போமே, அப்படி.

அக்காவுக்கு உயிர் வந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடலக்கா" என்றான் அவன். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. "அவுத்துப் பார்த்தேன், அப்படியே கீழ போட்டுட்டேன். வெளியில கொண்டுபோய் எறியலாம்னா கையில எடுக்கணும். எடுத்தா எறிய மாட்டேன். வேலைக்குப் போகலாம்னா, இதை வீட்ல விட்டுட்டு எப்படிப் போறது? அம்மா வந்து பார்த்துச்சுன்னா?"

"சரிப்பா. சரி."

"எப்ப வச்சேன்னே ஞாபகம் இல்லக்கா. அந்தக் கால்சட்டையில எத்தனையோ தடவை வச்சிருக்கேன். எல்லாத்தையும் தலைமுழுகிட்டேன்னு இருந்தேன். அது எங்கயோ ஒளிஞ்சிருந்து தேடி வந்துடுச்சு பாருங்க. நான் அவ்வளவுதான் போல."

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"ஆமா நெட்டை. உன் பாக்கெட்லதான் இருந்துது. அக்கா என்னன்னு தெரியாம திருப்பி அனுப்பிடுச்சு. குடு, நாங்க எறிஞ்சுடறோம். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

எவ்வளவு லகுவாக வந்தது அந்தப் பொய். நெட்டையன் நன்றியோடு தலையாட்டினான். அக்கா சும்மா இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. தம்பி வீட்டில் இருப்பான், கடை நடக்கும். பாக்கெட்டில் பழைய நஞ்சு பத்திரமாக இருந்தது என்று நம்பிக்கொண்டு இவன் மட்டும் காலமெல்லாம் தன்னையே பயந்துகொண்டு கிடப்பான். அவள் தம்பியைப் பார்த்தாள். ஆத்திரமாக வந்தது. அப்போதும்கூட அவன் மேல் இருந்த பாசம் ஒரு இம்மியும் குறையவில்லை, அதுதான் கொடுமை.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொத்தானை அவிழ்த்து நெட்டையனிடம் நீட்டினாள்.

"உன் பாக்கெட்ல இருந்தது இதுதான்பா. இது மட்டும்தான். நானே திருப்பிப் பார்த்தேன். அந்தப் பொட்டலம் உன்னோடது இல்ல, எங்க வீட்டுது."

"அக்கா" என்றான் தம்பி.

"இவன் கொண்டுபோய்க் குடுக்கிற சரக்கு. நான் மாத்திக் குத்திட்டேன்."

நெட்டையன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. பொத்தானை முஷ்டிக்குள் மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். "அப்ப நான் ஒண்ணும் வைக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"வைக்கல. எந்திரி, மூஞ்சியைக் கழுவு. அழுதுக்கிட்டுப் போனா குழம்புல உப்புக் கூடிப் போச்சும்பான் முதலாளி."

அவன் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டான். அக்கா கால்சட்டையை உதறி, தொடையில் போட்டு நீவி நீவிக் கசங்கலை எடுத்தாள். தம்பியின் கையிலிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கி நெட்டையனிடம் கொடுத்தாள். ஒரு காலத்தில் கொடியில் கிடந்த சட்டையைக்கூட நம்பி விட முடியாதிருந்தவனிடம் வண்டியைக் கொடுத்தாள். அவன் சாவியை வாங்கத் தயங்கியபோது, "சாயங்காலம் கடையில கொண்டாந்து விடு. வாசல்ல நிக்காம உள்ள வா" என்றாள்.

அவன் போன பிறகு வாளியை இறக்கி வைத்து, வாணலியை நிமிர்த்தினாள். பொட்டலத்தைச் சுருக்குப்பைக்குள் தள்ளிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"குப்பையில போட்டுடலாம்க்கா. இனிமே செய்ய மாட்டேன்."

"அடுத்த வாரம் கோட்டு வருமே. அதை என்ன பண்ணுவ?"

தம்பி செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பாக்கெட்டில் போட்டான்.

"பாக்கெட்டைத் திருப்பு" என்றாள்.

அவன் விளங்காமல் நின்றான். அவளே கிட்டே போய், குழந்தைக்குச் செய்கிற மாதிரி அவனுடைய இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துவிட்டாள். செல்போனை எடுத்துச் சுருக்குப்பையோடு சேர்த்து அவன் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"கட்டினதை நான் அவுக்க மாட்டேன். ஸ்டேஷன்ல நீயே அவுத்து, யார் தர்றா, யார் வாங்குறான்னு நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"உள்ள தள்ளிடுவாங்கக்கா."

"தெரியும்டா" என்றாள். "நான் வந்து பார்ப்பேன். எத்தனை நாளானாலும் வருவேன்."

தெருவில் இரண்டு பேரும் நடந்தார்கள். புதுச் செருப்பு கேன்டீன் அம்மா வீட்டு வாசலிலேயே கிடந்தது, அக்கா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. சலவைக்கடை வந்தது. தம்பியின் நடை தானாகக் கடைப் பக்கம் திரும்பியது. அக்கா திரும்பவில்லை என்றதும் அவனும் கூட நடந்தான். எதிரே வந்தவர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்த அவன் பாக்கெட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் ஒன்றை உள்ளே தள்ளக் கையைக் கொண்டுபோனான், அக்காவைப் பார்த்தான், அப்படியே விட்டுவிட்டான்.