அம்மாவின் எண்

கருத்துக்கணிப்பு வேலையில் திட்டு வாங்காத நாள் கிடையாது. டெலிபோன் டைரக்டரியில் இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். என் எண்ணை அதில் போடாதே என்றவர்களுக்கும் வாய் இருக்கிறதே! அதனால் டைரக்டரியிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, அதோடு ஒன்றைக் கூட்டிக் கூப்பிடுவோம். அந்த அடுத்த எண் யாருடையதோ, அவர் மாட்டிக்கொள்வார்.

என் வீட்டிலும் இரண்டு எண்கள். ஒரே நாளில் வாங்கியதால் அடுத்தடுத்து அமைந்தவை. என்னுடையது டைரக்டரியில் உண்டு. மனைவி தன்னுடையதைப் போட விடவில்லை. "உங்களை மாதிரி ஆளுங்க கூப்பிட்டு உயிரை எடுப்பாங்க" என்பாள். அவள் இறந்து நான்கு மாதமாகிறது. இன்று காலை மகளிடம், "அம்மா நம்பரை இந்த வாரம் ரத்து பண்ணிடலாம்" என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் மேற்பார்வையாளன். போன் செய்யும் பெண்கள் பேசுவதை நடுநடுவே ஒட்டுக்கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மதியம் ரேடியோவின் அழைப்பில் நுழைந்தேன். கணீரென்ற குரலுக்காக அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"வீட்ல பதினெட்டு வயசுக்கு மேல எத்தனை பேருங்க?"

"மூணு பேரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மகளின் குரல். திரையில் பார்த்தால் என் எண்ணோடு ஒன்று கூட்டிய மனைவியின் எண்.

"அதுல கடைசியா பிறந்தநாள் வந்தது யாருக்குங்க?" போனை எடுத்தவரே பேசிவிடக் கூடாது என்பதற்காக, யாரிடம் பேசுவதென்று இப்படிக் கேட்டுத்தான் முடிவு செய்வோம்.

"அம்மாவுக்கு. போன வாரம்."

போன வாரம் அந்த நாள் முழுக்க நாங்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். மகள் மறந்துவிட்டாள் என்று நினைத்து நானும் வாய் திறக்கவில்லை.

"அம்மாகிட்ட கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"வெளில போயிருக்காங்க. சாயங்காலம் கூப்பிடறீங்களா?"

"கண்டிப்பா கூப்பிடறேன்மா."

ரேடியோ என் பக்கம் திரும்பினாள். "நல்ல பொண்ணு சார், திட்டாம பேசுச்சு. மறுபடி கூப்பிட ஆறு மணிக்குப் போட்டுக்கட்டுமா?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "போட்டுக்கோம்மா" என்றேன்.

படிக்கட்டுப் பக்கம் போய் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"நீங்க கேட்டுட்டு இருந்தீங்களா?" அழ ஆரம்பித்துவிட்டாள். "வர்றவங்க எல்லாரும் அம்மா எப்படிப் போனாங்கன்னுதான் கேக்கறாங்க. இந்த அக்கா மட்டும்தான் அம்மாகிட்ட குடுங்கன்னு கேட்டாங்க. அம்மா இல்லைன்னு நான் எப்படிப்பா சொல்றது?"

தேற்றத்தான் கூப்பிட்டேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அங்கேதான் வந்தது. மகள் காத்திருந்தாள்.

"அவங்க நிஜமா கூப்பிடுவாங்களாப்பா?"

"கூப்பிடுவாங்க."

"நான் என்ன சொல்லட்டும்?"

"அம்மா இன்னும் வரலைன்னு சொல்லும்மா" என்றேன்.