புஸ்பத்தின் ஆக்கள்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்குக் கூடாரம் வந்தது, பாய் வந்தது, பருப்பு வந்தது. எல்லாவற்றையும் விட அதிகமாக ஆறுதல் வந்தது. ஒரு வான் வண்டியில் வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த வான் வாசலில் நிற்கும். ஆறுதலைச் சமைத்துச் சாப்பிட முடிந்திருந்தால் அந்த வருடம் நாங்கள் எல்லோரும் கொழுத்திருப்போம்.

நாவலடியில் கடல் என் புருசன் சீனித்தம்பியையும் ஒன்பது வயது மகள் கஜானியையும் ஒரே காலையில் கொண்டுபோனது. என் அப்பா செத்த முப்பத்தோராம் நாள் படையலான அமுதுக்காக நானும் மூத்தவன் பிரதீஸும் முதல் நாளே வெல்லாவெளிக்குப் போயிருந்தோம். கஜானிக்குக் காய்ச்சல். அவளைப் பார்த்துக்கொள்ள அவர் நின்றுவிட்டார். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன் என்று கணக்கே இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஒரே பக்கம் சாய்த்துக் கேட்டார்கள்.

அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் இருந்தாள். நல்ல பிள்ளை. கூடாரத்துக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேட்டாள்.

"நெஞ்சுக்குள்ள வருத்தம் மகள்."

அவளுடைய கண் கலங்கிவிட்டது. "வருத்தம் இருக்கத்தாம்மா செய்யும். அடக்கி வைக்காதீங்க, அழுதுடுங்க."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம், சலரோகமும் வருத்தம், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் வருத்தக்காரர். அவளுடைய ஊரில் வருத்தம் என்றால் கவலையாம். அது எனக்கு அப்போது தெரியாது. நடந்தால் கூடுது என்றேன். தனியாக நடக்கும்போது நினைவுகள் வரும் என்றாள். படுத்தால் மூச்சு முட்டுது, மூன்று தலையணை வேண்டும் என்றேன். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். கடைசியில் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்து மெல்ல வெளியே விடச் சொன்னார்கள். இழுக்க முடிந்தால் நான் ஏன் இவர்களிடம் சொல்லப்போகிறேன்?

ஆனால் உண்மையைச் சொன்னால், கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிட்டேன். நம்ப விருப்பமாகவும் இருந்தது. இரண்டு பேரைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு நெஞ்சு நோகாமல் வேறு என்ன நோகும்? மூச்சு முட்டும் போதெல்லாம், சரி, அவர்களை நான் மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்குக் கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்பில் வீடு கிடைத்ததற்கு அடுத்த வருடம், 2006இல், பிரதீஸ் முல்லைத்தீவுக்குப் போனான். அங்கேயும் சுனாமி வீடுகள் கட்டினார்கள், மேசன் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. "ஆறு மாசம்தானம்மா, வந்துருவன்" என்றான். புதுக் கைத்தொலைபேசி ஒன்று வாங்கி, அதன் இலக்கத்தை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதிவிட்டுப் போனான். அங்கே சிக்னல் இல்லை, வவுனியாவுக்குச் சாமான் எடுக்க வரும் நாட்களில் என் போனுக்குப் பேசுவான். மறுபடி சண்டை தொடங்கி, ஆவணியில் வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு செஞ்சிலுவைக்காரர் மூலம் மூன்று கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதத்தில் 2009 தை மாதத்துத் திகதி இருந்தது. சுகமாயிருக்கிறேன், நீங்கள் யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

வைகாசியில் சண்டை முடிந்தது. எங்கள் சந்தியில் வெற்றி என்று வெடி கொளுத்தினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

ஆடி மாதம் அவனுடைய படத்தை எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள ஒரு கந்தோருக்குப் போனேன். காணாமல் போனவர்களைப் பதிகிறார்கள் என்று சொன்னார்கள். பதிகிற இடம் மேல்மாடியில். ஏழாவது படியில் இருமல் வந்தது. வாயைப் பொத்திய கையில் இரத்தம். அப்படியே குந்திவிட்டேன். எனக்குப் பின்னால் படங்களோடு நின்ற பெண்கள்தான் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டொக்டர் இளம் ஆள். என் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். யாருமே அவ்வளவு நேரம் என்னைக் கேட்டதில்லை. பிறகு ஏதோ பசையைத் தடவி, ஸ்கான் பெட்டியில் என் இருதயத்தைக் காட்டினார்.

"சின்ன வயசில தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, முழங்கால் மூட்டெல்லாம் வீங்கினதா அம்மா?"

யோசித்துப் பார்த்தேன். பதினொரு வயதில், வெல்லாவெளியில், வட்டையில் அறுவடை நடந்த நாட்கள். என்னால் நடக்க முடியாமல் அப்பா தோளில் தூக்கித் திரிந்தார். மாதம் ஒரு ஊசி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று ஊசியோடு வீக்கம் வற்றிவிட்டது, நாங்களும் விட்டுவிட்டோம்.

"அந்தக் காய்ச்சல்தான். அது மூட்டில இருந்து போயிரும், இருதயத்தில இருந்து போகாது. இடப்பக்க வால்வு கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கி இப்ப பென்சில் மொத்தத்துக்குத்தான் வழி இருக்கு. இரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்குது. அதுதான் படுத்தா மூச்சு முட்டுது."

"சுனாமியால இல்லையா டொக்டர்?"

"இல்லம்மா. இது முப்பது வருசத்து வருத்தம்."

எனக்குக் கோபம் வந்தது. பொல்லாத கோபம். இவ்வளவு காலமும் அவர்களுக்காகத்தான் நோகிறது என்று இருந்தேன். பார்த்தால் அது ஒரு பழைய தொண்டை நோவாம். அவர்கள் போனதற்கு என் இருதயம் ஒன்றுமே செய்யவில்லையாம். அன்று பஸ்ஸில் வரும்போது, கூடாரத்தில் அழாத அழுகையை அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீற்றுக்குப் போய்விட்டார்.

கொழும்பில் தொடை வழியாக ஒரு பலூனை விட்டு வால்வை அகட்டலாம், பிந்தினால் அதுவும் சரிவராது, ஆளே மிஞ்சாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கான படிவத்தை நிரப்பியவள் யசோதினி என்ற கிளாக்கர் பிள்ளை. புஸ்பம் என்ற என் பெயரில் தொடங்கி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, "நெருங்கிய உறவினர் ஆரம்மா? திகதி வந்தா அவருக்குத்தான் கோல் எடுப்பாங்க" என்றாள்.

"மகன். பிரதீஸ்."

இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் எழுதிய இலக்கம். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் நெருங்கிய உறவினர் அவன்தான். வேறு யார்?

பிறகு மாதா மாதம் கிளினிக். இருதய கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தால் ஒரு குட்டி ஊரையே பார்க்கலாம். இரத்தக்குழாய் அடைத்தவர்கள் சிகரட்டை விட்ட கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். கால் வீங்கி நீர் கட்டியவர்கள் பேசவே களைப்பார்கள். நெஞ்சில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகள் தாயின் மடியில் உதடு நீலித்துக் கிடக்கும். எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருப்பார், கிளினிக் கொப்பி பிடிக்க, தண்ணீர்ப் போத்தல் பிடிக்க. என் பக்கத்தில் என் பை இருக்கும். யாராவது உட்கார வந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

கார்த்திகை மாதக் கிளினிக்கில் டொக்டர் என்னைக் கண்டதும் திடுக்கிட்டார். "நீங்க கொழும்புக்குப் போகல்லையா? போன மாசம் உங்கட திகதி!"

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே."

அவர் கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டார். மூன்று நாளாக எடுத்தார்களாம். இலக்கம் பாவனையில் இல்லையாம். என்னுடைய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அந்த நம்பர் ஆருடையதம்மா?" என்று கேட்டார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. "இன்னொரு முறை விட்டா என்னால ஒண்டும் செய்யேலாது. சரியான நம்பரைக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

யசோதினி புதிய படிவத்தை எடுத்தாள். "மகன்ட வேற நம்பர் இருக்காம்மா?"

"மகன் இல்ல."

பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். "இப்ப ஊரில இல்லையா, இல்ல…" அவளால் முடிக்க முடியவில்லை. அவள் முடித்திருந்தால் நான் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பேன். முடிக்காததால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு மாதமாக நான் யாரையும் சொல்ல விடவில்லை. சொல்ல வந்த பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளையை வாயால் கிழித்து அனுப்பினேன். இப்போது மூச்சுக்காக, இந்தப் பென்சில் மொத்த வழிக்காக, என் வாயாலேயே சொல்லப் போகிறேன்.

"இல்லவே இல்ல, மகள். வன்னியில முடிஞ்சுது."

அவள் எழுதவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப ஆரைப் போடுற?" என்றாள்.

"என்ட பேரையே போடுங்க. என்ட நம்பரையும்."

"நோயாளியையே உறவினரா எப்பிடியம்மா போடுற?"

"அப்ப பேரை விடுங்க. நம்பரை மட்டும் எழுதுங்க."

எழுதினாள். ஒரு நல்ல காரியம் செய்தாள், எனக்காக அழவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் கோல் வந்தது. உலையில் அரிசி கிடந்தது. கொழும்பு இலக்கம், ஆண் குரல், தமிழ் கதைக்கத் தெரிந்த ஆள்.

"புஸ்பத்தின்ட ஆக்களா கதைக்கிறது?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நீங்க அவவுக்கு என்ன முறை?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இந்த உலகத்தில் நான் யாருக்கு என்ன முறை? எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுவாகவே வாயில் வந்தது.

"நான் பிரதீஸ்ட அம்மா கதைக்கிறன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "பிரதீஸா? அப்பிடி ஒரு பேர் இதில இல்லையே அம்மா."

"ஓம் தம்பி, இல்லத்தான்" என்றேன். "நீங்க திகதியைச் சொல்லுங்க."